ஆறாம் இடத்தில் குடியிருந்தவர்

என் நோட்டில் 12.11.1998, வியாழக்கிழமை, பகல் ஷிப்ட் என்று தேதியிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: “எட்டாம் இடமும் இரண்டாம் இடமும் பரஸ்பர மாற்றம். இருவரும் சம்மதித்துக் கையெழுத்து. எட்டு சனியின் எண் என்பது மாற்றம் கோரியவர் தரப்பு. இரண்டாம் இடத்துக்காரருக்குச் சனியைப் பற்றி ஆட்சேபணை இல்லை. சாட்சி: நான்.”

இதைப் படிக்கிறவர்கள் நெய்வேலியில் யாரோ இரண்டு பேர் குவார்ட்டர்ஸ் மாற்றிக்கொண்டார்கள் என்று நினைப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. மாறியது வீடு அல்ல. ஒரு மீட்டருக்குள் இருந்த இரண்டு நினைவிடங்கள்.

மோட்டார், பம்ப் போன்ற சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து, எது எப்போது படுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் செக்‌ஷனின் வேலை. சொன்னால் யாரும் கேட்பதில்லை. படுத்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். 1998இல் இந்த வேலைக்காக வெளிநாட்டு மீட்டர் ஒன்று வந்தது. டிபன் கேரியர் அளவு, தோளில் மாட்டிக்கொள்ள வார், சாம்பல் நிறம். அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் ‘பெட்டி’ என்றோம்.

பழைய மீட்டரில் ஒவ்வொரு முறையும் அலகு, வீச்சு, வடிகட்டி என்று ஆறேழு குமிழ்களைத் திருகி வைத்துவிட்டுத்தான் அளக்க முடியும். பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை எல்லாவற்றையும் சரிசெய்து, ஸ்டோர் பொத்தானை அழுத்தி ஓர் எண்ணைக் கொடுத்தால் அப்படியே வைத்துக்கொள்ளும். மறுநாள் ரீகால் அழுத்தி அதே எண்ணைக் கொடுத்தால் நேற்று விட்டபடியே வந்து நிற்கும். அந்த எண்ணின் கீழ் அளந்த கடைசி இருபது அளவுகளும் தேதியோடு உள்ளே கிடக்கும். யார் அளந்தார் என்று மட்டும் அதற்குத் தெரியாது. இப்படிப் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து இடங்கள்.

முதல் வாரம் ரணகளம். ஒருவர் காலையில் பதிந்ததன் மேல் இன்னொருவர் மதியம் பதிந்தார். “என் செட்டிங்கை எவன்யா அழிச்சான்?” என்ற கேள்வி தினமும் டீ நேரத்தில் எழுந்தது. இன்ஜினீயரிடம் போனோம். அவர் தலையை நிமிர்த்தாமல், “பத்து இடம் இருக்குல்ல? உங்களுக்குள்ள பிரிச்சுக்கங்க” என்றார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருபது வருஷம் குடியிருந்தவர்களிடம் பத்து இடங்களைப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் அவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். பணிமூப்புப் பட்டியல் தயாரித்தோம். விண்ணப்பம் வாங்கினோம். இன்ஜினீயர் பெட்டியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஒன்றாம் இடத்தை அவருக்கு ஒதுக்காமல் இருக்க முடியுமா? பூஜ்யத்தில் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய செட்டிங் இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது, வருகிறவர் போகிறவர் பயன்படுத்தலாம் என்று முடிவானது. அதற்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர். இரண்டு முதல் ஒன்பது வரை எட்டு டெக்னீஷியன்களுக்கு. எனக்கு நான்கு. தேதி போட்டு எழுதும் வியாதி எனக்கு இருப்பது தெரிந்த விஷயமாகையால் ஒதுக்கீட்டு ரிஜிஸ்டரை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதற்கு அட்டை போட்டு, கோடு கிழித்து, பக்க எண்ணும் இட்டேன். இதை ஒப்புக்கொள்ள இன்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1999 பிப்ரவரியில் மூன்றாம் இடத்துக்காரர் ரிட்டயரானார். கடைசி நாள் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “என் செட்டிங்கு கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்பா” என்றார். ரிட்டயரானவருக்குக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சில மாதம் அவகாசம் உண்டு. பிள்ளைகளின் பரீட்சை என்றால் இன்னும் சில மாதம் கேட்கலாம். நாங்களும் அவர் மகளின் பரீட்சை முடியும்வரை மூன்றாம் இடத்தை அவர் பெயரிலேயே விடுவது என்று தீர்மானித்தோம். அந்தப் பெண்ணின் பரீட்சைக்கும் பம்ப் அதிர்வுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. நான் ரிஜிஸ்டரில் ‘நீட்டிப்பு’ என்று சிவப்பு மையில் எழுதினேன்.

அவருக்குப் பதிலாக வந்தவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். மைன்ஸில் பெல்ட்டில் பதினோரு வருஷம் வேலை செய்தவர். பெல்ட் என்றால் நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுவது. அதன் பக்கத்தில் நிற்கிறவர் சுவாசிப்பதில் பாதி காற்று, பாதி கரி. இவருக்கு இழுப்பு வந்துவிட்டது. தூசியில்லாத இடத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதம் இரண்டு வருஷம் மேஜை மேஜையாக நடந்து, கடைசியில் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. வந்த ஒரு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது பேசிக்கொண்டே ஏறினார். அதற்கு முன் ஏறும்போது பேசமாட்டார்.

முதல் நாள் பெட்டியைக் காட்டியதும், “எனுக்கு எந்த நம்பருங்க?” என்று கேட்டார்.

“உமக்கு இப்ப இல்ல. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கீர்” என்றார் ஆறாம் இடத்துக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். செக்‌ஷனில் எல்லாருக்கும் அவர் ஒருவரே வக்கீல், அவர் ஒருவரே எதிர்க்கட்சி.

“வூட்டுக்கும் வெயிட்டிங்குல நிக்கிறேன், இதுக்கும் வெயிட்டிங்கா? மூணாம் நம்பரு காலியாத்தான இருக்குது?”

“காலி இல்லவே. ஆளு இல்ல. அவ்வளவுதான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைத் திறந்து சிவப்பு மையைக் காட்டினேன். “சட்டம்னா சட்டந்தான்” என்று வேறு சொன்னேன். அந்த வாக்கியத்துக்காக யாராவது என்னை அன்றே நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம்.

இரண்டு மாதம் அவர் கெஸ்ட் ஹவுஸில் ரீகால் செய்து, தினமும் எல்லாவற்றையும் கையால் மாற்றி, அளந்து, வெளியே வரும்போது எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்தார். மே மாதம் ஆறாம் இடத்துக்காரருக்கு மனம் இளகியது. முத்தாண்டிக்குப்பத்துக்காரர் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஆள், பலாப்பழ சீசன் வேறு. ஒரு திங்கட்கிழமை பழுத்த பலாப்பழம் ஒன்று சாக்குப் பையில் வந்து இறங்கியது. செக்‌ஷன் முழுக்க மணத்தது.

“ஆறுல வந்து இருந்துக்கும்வே. என் செட்டிங்கு நல்ல செட்டிங்கு. பம்புக்கு அப்படியே பொருந்தும். வெளிய மட்டும் மூச்சு விடப்படாது” என்றார் ஆறாம் இடத்துக்காரர்.

வெளியே என்றால் என்னிடம். நானோ அவருக்கு எதிரே உட்கார்ந்து சுளை தின்றுகொண்டிருந்தேன். ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை. உள்வாடகைக்கு அதில் பத்தி கிடையாது.

இனி ஜூன் மாதம். 14ஆம் தேதி திங்கட்கிழமை. ஆறாம் இடத்துக்காரர் ஊரில் கல்யாணம் என்று லீவு. டவுன்ஷிப் குடிதண்ணீர் பம்புகளைப் பார்க்கும் முறை முத்தாண்டிக்குப்பத்துக்காரருடையது. அவர் சொன்னபடி, அன்று காலை நான்காவது பம்பில் பெட்டியை வைத்தபோது பதினொன்று புள்ளி எட்டு காட்டியது. நாலரையைத் தாண்டினாலே நாங்கள் முகம் சுளிப்போம். ஆறாம் இடத்தில் பதிந்துவிட்டு, பம்ப் ஹவுஸ் பொறுப்பாளரிடம், “பேரிங்கு போய்க்கினு இருக்குதுங்க, நிறுத்திப் பாருங்க” என்று வாயால் சொன்னார். பொறுப்பாளர் “பாத்துக்கலாம்” என்றார். பேப்பரில் எழுதவில்லையா என்று கேட்கலாம். பெட்டி வந்ததிலிருந்து நாங்கள் தினமும் எழுதுவதை விட்டுவிட்டோம். எல்லாம்தான் உள்ளே இருக்கிறதே, சனிக்கிழமை மொத்தமாக எடுத்து எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தோம். எழுதிவிட்டு அவரவர் இடத்திலுள்ள அளவுகளை அழித்துவிடுவோம்.

வியாழக்கிழமை பேரிங் இறுகி பம்ப் நின்றது. ஒன்றரை நாள் தண்ணீர் இல்லை. எங்கள் பிளாக்கில் நின்றிருந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்போம், கதை முடிந்திருக்கும். நின்றது பெரிய அதிகாரிகளின் பிளாக்கில். சோப்பு நுரையோடு குளியலறையில் யாரோ நின்றுவிட்டார் என்று பேச்சு. அவர் யார் என்று பலவிதமாகச் சொன்னார்கள், நான் குறித்துவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முத்தாண்டிக்குப்பத்துக்காரர் கையில் மெமோ வந்தது. அந்த வாரம் அளவு எடுக்காதது ஏன்? விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அவர் பழைய செக்‌ஷனுக்கே திருப்பி அனுப்பப்படலாம்.

“பெல்ட்டுக்கா?” என்று மட்டும் கேட்டார். மெமோவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அங்கே ஏற்கனவே இருந்த டாக்டர் காகிதத்தை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

விசாரணை என்றதும் செக்‌ஷனில் எல்லோரும் செய்தது ஒன்றே ஒன்று. அவரவர் இடத்தைத் துடைத்துவிட்டார்கள். வெள்ளையடிக்காத குறை. நானும் நான்கைக் காலி செய்தேன். இன்ஜினீயர் தன் பங்குக்கு, பெட்டியில் தேதி தப்பாக ஓடுகிறது, யாராவது கேட்டால் அசிங்கம் என்று சொல்லி அதைச் சரியான தேதிக்கு மாற்றவைத்தார். ஆறாம் இடம் மட்டும் தப்பியது. முத்தாண்டிக்குப்பத்துக்காரர் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வியாழன், 24.6.1999, விசாரணை. வந்த அதிகாரி குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவர். என் ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். பரஸ்பர மாற்றம், நீட்டிப்பு, காத்திருப்போர் பட்டியல் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சொந்த ஊர்ப் பத்திரிகை படிப்பவர்போல இருந்தார்.

“ஆறாம் நம்பர் யாருது?”

ஆறாம் இடத்துக்காரர் எழுந்தார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் தன் குவார்ட்டர்ஸின் பின் அறையை ஒரு பேங்க் தம்பதிக்கு விட்டிருந்து, இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டி, வீடே போகவிருந்த நிலையில் தப்பியவர். உள்வாடகை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு வியர்க்கும். அந்த அதிகாரியின் முகத்தையும் அவர் மறந்திருக்கவில்லை.

“இந்தப் பம்ப் ரீடிங் நீங்க எடுத்ததா?”

“இல்லிங்கய்யா.”

“அப்ப உங்க இடத்துல வேற யாரையாவது வெச்சிருந்தீங்களா?”

“அய்யய்யோ, இல்லிங்கய்யா. நான் ஊருக்குப் போகும்போது பூட்டிட்டுல்லா போனேன்.”

“எதை?”

அவர் பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் பூட்டு இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் இருமுவதுபோல் சிரித்தார்.

முத்தாண்டிக்குப்பத்துக்காரர் எழுந்தார். “அண்ணே, என்னாண்ணே இப்பிடிச் சொல்றீங்க? பழம் துன்னும்போது நான் இங்கதான இருந்தேன்? எனுக்கு மறுபடி பெல்ட்டுல நிக்க முடியாதுண்ணே. நின்னா நான் இருக்கமாட்டேன்.”

ஆறாம் இடத்துக்காரர் தரையைப் பார்த்தபடியே பேசினார். மூன்று வருஷத்துக்கு முன் இதே அதிகாரியிடம் சொன்ன அதே வாக்கியமாகத்தான் அது இருந்திருக்க வேண்டும்.

“வாடகைக்கு விடலைங்கய்யா. சொந்தக்காரர் மாதிரி வந்து தங்கியிருந்தார்.”

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். “இதையும் எழுதிக்கவா?”

“எழுதிக்கிடுங்க.”

ஆள் குடியிருந்தது நிரூபணமாயிற்று. இனி எப்போது என்பது கேள்வி. அதிகாரி ரீகால் அழுத்தச் சொன்னார். நான் அழுத்தினேன். ஆறாம் இடம் வந்தது. பம்ப் 4. பதினொன்று புள்ளி எட்டு. தேதி: ஜனவரி 25.

“ஜனவரியில எடுத்ததா? இந்த ஆள் அப்ப செக்‌ஷன்லயே இல்லயே!”

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். பெட்டியின் காலண்டர் எப்போதும் பின்னால்தான் ஓடும். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டால் பதிந்ததெல்லாம் அழியாது. தேதி மட்டும் அங்கேயே நின்று, மாட்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். இப்படி நின்று நின்று மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தது. இன்ஜினீயர் அதைச் சரிசெய்யவைத்துவிட்டதால், எவ்வளவு பின்தங்கியிருந்தது என்று இப்போது பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அவ்வப்போது அதைக் கணக்குப் பார்த்து எழுதுவது என் வழக்கம். என்ன பயன் என்று வீட்டிலும் செக்‌ஷனிலும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நோட்டைத் திறந்து வைத்தேன்: “28.5.1999, வெள்ளி. பெட்டி காட்டும் தேதி ஜனவரி 8. பின்தங்கல் நூற்று நாற்பது நாள்.”

அதிகாரி காகிதத்தில் கூட்டினார். ஜனவரி 25க்கு மேல் நூற்று நாற்பது நாள். ஜூன் 14. திங்கட்கிழமை. ஆறாம் இடத்துக்காரர் லீவில் இருந்த நாள். பம்ப் நிற்பதற்கு மூன்று நாள் முன்பு.

“நிச்சயமா நூத்தி நாப்பதுதானா?”

“நிச்சயமா, சார்” என்றேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 28க்குப் பிறகு பேட்டரி கழற்றப்பட்டதா என்று அதிகாரி கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பது அறையிலிருந்த எல்லோரிலும் எனக்கு ஒருவனுக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. நோட்டை மூடினேன்.

பம்ப் ஹவுஸ் பொறுப்பாளருக்கு யாரும் எதுவும் சொன்னதாக ஞாபகம் வரவில்லை. ஆனால் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யவும் அவர் தயாராக இல்லை. மெமோ கைவிடப்பட்டது. அளவுகளை அன்றன்றே பேப்பரில் எழுத வேண்டும், மீட்டரின் நினைவிடங்களைத் தனிநபர்களுக்கு ஒதுக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதை போர்டில் ஒட்டிவிட்டு, மூன்றாம் இடத்தை முத்தாண்டிக்குப்பத்துக்காரருக்கு ஒதுக்கினோம். ரிட்டயரானவரின் மகள் அதற்குள் பரீட்சை எழுதி முடித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். புது ரிஜிஸ்டர் போட்டேன், மேலே வேறு தலைப்பு எழுதி.

முத்தாண்டிக்குப்பத்துக்காரர் அப்புறம் பெல்ட் பக்கம் போகவே இல்லை. சில வருஷம் கழித்துக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று அவர் மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தாராம். வாரத்துக்கு ஒருமுறை என் மேஜையைக் கடக்கும்போது, “சார், இன்னிக்கு என்னா தேதி?” என்று கேட்டுவிட்டுப் போவார். எதிரே சுவரில் காலண்டர் தொங்கும்.

2004இல் ஆறாம் இடத்துக்காரர் ரிட்டயரானார். டீ, மிக்சர், லட்டு. மாலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஓய், தேதிக்காரரே. ஒண்ணு சொல்லுதேன், நோட்டுல எழுதப்படாது.”

“சொல்லுங்கண்ணே.”

“அந்த ஜூன் மாசம், மொத சனி ஞாயிறு. பெட்டி சார்ஜு எறங்கிக் கெடந்துது. நான்தான் பேட்டரியக் கழட்டிப் போட்டுட்டுப் போனேன். திங்கக்கெழமை வந்துதான் மாட்டினேன்.”

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்குவதை அவர் வேடிக்கை பார்த்தார். இரண்டு நாள் நின்றிருந்தால் பின்தங்கல் நூற்று நாற்பத்திரண்டு. ஜனவரி 25 என்பது ஜூன் 14 ஆகாது. ஜூன் 16, புதன்கிழமை. புதன்கிழமை ஆறாம் இடத்துக்காரர் கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். தன் இடத்தில் அவரே அளந்திருக்கவும் கூடும்.

“அப்ப அந்த ரீடிங்கை எடுத்தது யாரு?”

“பெட்டியக் கேளும்” என்றார். லட்டின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு, கூப்பிட்டவர்களைப் பார்க்க எழுந்து போனார்.

என்னைச் சீண்டுவதற்காக அவர் எதையும் சொல்லக்கூடியவர். ஒருமுறை என் பிறந்த தேதியே தப்பு என்று நிரூபிக்க அரை நாள் செலவழித்திருக்கிறார். ஆகவே அவர் சொன்னதைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது. ஆனால் சொல்லிவிட்டதால் கொள்ளாமலும் இருக்க முடியவில்லை. முத்தாண்டிக்குப்பத்துக்காரரிடம் இதை நான் கேட்டதில்லை. கேட்டால், “திங்கக்கெழமதாங்க” என்று சொல்வார். நான் அதை எழுதிக்கொள்வேன். அதனால் ஒன்றும் தெளிவாகாது.

அந்த வாரக் கடைசியைப் பற்றி என் நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: “5.6.1999, சனி. நான் லீவு. வெயில். 6.6.1999, ஞாயிறு. வெயில்.” அந்த இரண்டு நாளும் பெட்டிக்குள் பேட்டரி இருந்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.